ஒன்பதே கால்

படிவத்தில் வயதுக்கான கட்டம்
இரண்டு இலக்கம் கேட்கிறது.
ஒன்பதுக்கு முன்னால் ஒரு சுழியம் போட்டேன்.
அந்தச் சுழியம்தான்
இன்றைக்கு என்னை வீட்டுக்குப் போகவிடாமல் வைத்திருக்கிறது.

லெக்ஸி. ஐந்தாம் வகுப்பு.
பின்னக் கணக்கின் நடுவில் எழுந்து வந்தாள்
ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு.
வயிற்று வலி என்றாள்.
பிறகு, கதவைப் பார்த்துக்கொண்டே,
"நான் எங்கேயும் விழவில்லை, மிஸ்.
ஆனாலும் ரத்தம்."

நாப்கின் இருக்கிறது, பெட்டி பெட்டியாய், இலவசம்.
குப்பைத்தொட்டிதான் இல்லை.
சின்னவர்கள் கழிப்பறையைக் கட்டியவர்
முழங்கால் உயரத்தில் கோப்பை வைத்தார்,
சுவரில் வாத்துகள் ஒட்டினார்,
இதை நினைக்கவில்லை.
ஆசிரியர் கழிப்பறைச் சாவியைக் கொடுத்தேன்.
"அப்ப நான் டீச்சரா?" என்றாள்.
விளையாட்டுக்கில்லை, நிஜமாகவே கேட்டாள்.

அவள் அம்மா ஷானன்
இரவெல்லாம் கிடங்கில் பெட்டி ஒட்டிவிட்டு
அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள்.
"எனக்குப் பதினொன்று" என்றாள் போனில்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
மின் மீட்டரில் காசு தீரப்போகிற பீப் சத்தம் மட்டும்.
"அவளுக்கு இன்னும்
பால் பல்லே முழுசா விழலையே."

வயதுக்கு வந்துவிட்டாள் என்கிறோம்.
அவள் எங்கும் வரவில்லை.
வயதுதான் வந்தது
லிஃப்ட் ஓடாத கட்டடத்தில்
ஆறு மாடி ஏறி
யாரும் கூப்பிடாமல்.

சனிக்கிழமைகளில் நான்
டண்டீ ஆவணக்கூடத்துக்குப் போகிறேன்.
நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்
ஒரு டாக்டர் விட்டுப்போன பேரேடு;
பிரதி எடுக்க ஆள் இல்லை என்றார்கள்.
யூஃபீமியா, சணல் ஆலை, நூல் சுற்றுபவள்:
முதல் பூப்பு பதினேழரையில்.
கிரிசல், கப்பல் முதலாளி மகள்:
பதினான்கு.
டீயிலும் ரொட்டியிலும் வளர்ந்த உடம்பு
கூலி நாளுக்குக் காத்திருப்பதுபோல்
இதற்கும் காத்திருந்திருக்கிறது.

இப்போது கணக்கு மாறிக் கிடக்கிறது.
கடலைப் பார்த்த ஜன்னல்கள் உள்ள பிராட்டி ஃபெரியில்
குதிரை ஏறப் பழகுகிற பெண்களுக்குப்
பன்னிரண்டு, பதின்மூன்று.
மேட்டுக் குடியிருப்பின் பெண்கள்
முந்திக்கொள்கிறார்கள்.
வறுமை அன்றைக்கு இழுத்துப் பிடித்தது,
இன்றைக்குப் பிடித்துத் தள்ளுகிறது.
உரிய நேரத்துக்கு
அது யாரையும் கொண்டுவிட்டதில்லை.

எடை என்கிறார்கள்.
மலிவாய்க் கிடைப்பதெல்லாம் இனிப்பாய் இருக்கிற
கடை என்கிறார்கள்.
வீட்டுக்குள் அடிக்கடி சாத்தப்படும் கதவு,
துண்டுதுண்டாய்த் தூக்கம்,
முழுசாய்த் தெரியாது என்றும் சொல்கிறார்கள்;
அவர்களை எனக்குப் பிடிக்கிறது.
போன மாதப் பயிற்சியில் திரையில் ஒரு கோடு
வருமானம் ஏற ஏற
வலப்பக்கம் மெல்ல உயர்ந்தது.
"இது சராசரி மட்டும்," என்றார் பேசியவர்,
"தனி ஒருத்தியைப் பற்றி எதுவும் சொல்லாது."
உண்மைதான்.
சராசரிகள் என் அறைக்கு வருவதில்லை.
தனி ஒருத்திகள்தான் வருகிறார்கள்,
ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு.

தொட்டி கேட்டு நகரசபைக்கு எழுதுகிறேன்.
மூடியோடு, மிதித்தால் திறப்பது,
வாத்துகளுக்குக் கீழே வைக்க.
பயன்படுத்துவோர் எண்ணிக்கை?
ஒன்று என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
இப்போதைக்கு ஒன்று என்று எழுதினேன்.

மத்தியானம் ஜன்னல் வழியே பார்த்தேன்.
டே ஆற்றிலிருந்து மூடுபனி மைதானத்துக்குள் வந்திருந்தது.
தொட்டுப் பிடித்து விளையாடுகிறார்கள்.
லெக்ஸிதான் துரத்துகிறாள், வழக்கம்போல் வேகம்.
ஓடுகிறாள்,
சட்டென்று நின்று
தன் முதுகுப்பக்கம் திரும்பிப் பார்க்கிறாள்,
பாவாடையை ஒரு முறை இழுத்துவிட்டு
திரும்ப ஓடுகிறாள்.
அதற்குள் எல்லாரும்
தூரம் போய்விட்டார்கள்.